பழைய ரைபிள் கட்டையைப் புதுப்பிக்க: பூச்சை எடுங்கள், மரத்தை எடுக்காதீர்கள்

கேள்வி இதுதான். குடும்பத்தில் கைமாறி வந்த, போல்ட் என்ற இரும்பு உருளையைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுகிற பழைய போல்ட் ஆக்‌ஷன் ரைபிள். இரும்புப் பாகங்கள் நன்றாக இருக்கின்றன. மரக்கட்டை மட்டும் கறுத்துப்போய், தொட்டால் பிசுபிசுக்கிறது. அங்கங்கே அடிபட்ட பள்ளங்கள், கைப்பிடிக்கு மேலே மயிரிழை போல ஒரு விரிசல். மெஷின் வைத்து நன்றாகத் தேய்த்துவிட்டு மேலே பாலியூரித்தேன் அடித்துவிடலாமா?

வேண்டாம். முதலில் மெஷினை ஓரமாக வைத்துவிடுங்கள். பழைய துப்பாக்கிக் கட்டைகள் பாழாவது பெரும்பாலும் மழையிலோ காட்டிலோ இல்லை, புதுப்பிக்கிறேன் என்று ஆர்வத்தோடு உட்காருகிறவர் கையில்தான். மேலே இருக்கிற பழைய பூச்சையும் அழுக்கையும் எடுப்பது ஒரு வேலை, மரத்தையே சீவி எடுப்பது வேறு வேலை. முதலாவது எப்போதும் செய்யலாம், பிடிக்காவிட்டால் திரும்பவும் செய்யலாம். இரண்டாவதைச் செய்துவிட்டால் போன மரம் வராது. கீழே சொல்லப்போவது எல்லாமே இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்.

எதையும் கழற்றுவதற்கு முன் கட்டையை நல்ல வெளிச்சத்தில், விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ராணுவ ரைபிள் என்றால் மரத்தில் முத்திரைகள் இருக்கும்: ஆய்வாளர் முத்திரை, தொழிற்சாலைக் குறி, வரிசை எண், எந்தப் படைப்பிரிவு என்ற அடையாளம். நூறு வருடப் பழக்கத்தில் சில முத்திரைகள் நேராகப் பார்த்தால் தெரியாது, சாய்வான வெளிச்சத்தில்தான் எழும்பித் தெரியும். சேகரிப்பாளர்கள் பார்க்கிற முக்கியமான விஷயங்களில் இது ஒன்று. முத்திரை தெளிவாக இருந்து, பழைய பூச்சும் பெரும்பாலும் மிச்சம் இருந்தால், சுத்தம் செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பேன். அந்தக் கறுப்பும் சிறு தழும்புகளும் அந்த ரைபிளின் வரலாறு, அவற்றை எடுத்தால் விலையும் இறங்கும். ஏற்கெனவே யாரோ வார்னிஷ் அடித்து, முத்திரையெல்லாம் தேய்ந்துபோன கட்டை என்றாலோ, சாதாரண வேட்டை ரைபிள் என்றாலோ தயக்கமில்லாமல் இறங்கலாம்.

சரி, கழற்றுவது. அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. மேகசினை எடுங்கள், போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காருகிற சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள், அப்புறம் போல்ட்டை வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள். திருப்புளி விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். துப்பாக்கித் திருகுகளின் பிளவு குறுகலாக, பக்கச்சுவர்கள் நேராக இருக்கும், வீட்டில் இருக்கிற சாதாரணத் திருப்புளியின் நுனியோ ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். அது பிளவுக்குள் முழுதாக உட்காராமல் மேலேறி வழுக்கி, திருகுத் தலையையும் கெடுத்து, பக்கத்து மரத்திலும் ஒரு கோடு போட்டுவிடும். பிளவின் அகலத்துக்கும் தடிமனுக்கும் சரியாகப் பொருந்துகிற முனை வேண்டும். ஒவ்வொரு திருகும் எங்கே இருந்தது என்று படம் எடுத்து, தனித்தனிக் கவரில் போட்டு எழுதி வையுங்கள், ஏனென்றால் முன்திருகும் பின்திருகும் பார்க்க ஒரே மாதிரி இருந்து நீளத்தில் வேறுபடும்.

எந்த மாடல் என்பதைப் பொறுத்துக் கழற்றும் வரிசை மாறும், இதைத் தெரியாமல் கட்டையை உடைத்தவர்கள் நிறைய. மௌசர் 98 என்ற ஜெர்மன் ராணுவ ரைபிள் வகையில் பெரிய திருகுகளுக்குப் பக்கத்தில் குட்டியாகப் பூட்டுத் திருகுகள் இருக்கும், அவற்றை முதலில் எடுக்காமல் பெரியதைத் திருப்பக் கூடாது. பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ என்ஃபீல்டு எஸ்எம்எல்இ ரைபிள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அதில் பின்கட்டையும் முன்கட்டையும் தனித்தனி. பின்கட்டையை உள்ளே ஓடுகிற ஒரு நீளமான போல்ட் (முன்பு வெளியே எடுத்த போல்ட் இல்லை, இது திருகு மாதிரியானது) பிடித்திருக்கிறது, அந்த போல்ட்டின் முன்முனை சதுரமாக இருக்கும், அந்தச் சதுரம் முன்கட்டையின் பின்பக்கத்தில் இருக்கிற ஒரு தகட்டில் சிக்கியிருக்கும், போல்ட் தானாகத் தளராமல் இருக்கட்டும் என்று. முன்கட்டை இடத்தில் இருக்கும்போதே பின்னாலிருந்து நீளத் திருப்புளியை விட்டு அந்த போல்ட்டைத் திருப்பினால் சதுரமும் சேர்ந்து திரும்பும், முன்கட்டையின் பின்பகுதி பிளந்துவிடும். ஆகவே எப்போதும் முன்கட்டை முதலில், பின்கட்டை அப்புறம். அந்த முன்கட்டையையும் குழல் முனையிலிருந்து நெம்பி இழுக்காதீர்கள். பின்பகுதியைப் பிடித்து, நேராகக் கீழ்நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாக.

மரம் தனியாக வந்ததும் தேய்க்கிற வேலை இல்லை, துடைக்கிற வேலை. இந்தப் பிசுபிசுப்பு பெரும்பாலும் கிரீஸ், கைவியர்வை, பாதி காய்ந்த ஆளிவிதை எண்ணெய், தூசு எல்லாம் சேர்ந்து இறுகின படலம்தான், அடியில் மரம் நன்றாகவே இருக்கும். மினரல் ஸ்பிரிட்டில் நனைத்த பருத்தித் துணியால் ஒரு ஓரத்தைத் துடைத்துப் பாருங்கள். பழைய மரச்சாமான் வேலைக்காரர்களின் கலவை ஒன்று உண்டு: டர்பன்டைன், பாயில்டு லின்சீட் ஆயில் என்று விற்கிற ஆளிவிதை எண்ணெய், வெள்ளை வினிகர், மூன்றும் சம அளவு. குலுக்கிக்கொண்டே துணியில் எடுத்துத் தேய்த்து, உடனே காய்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். துணி காபி நிறத்தில் வரும். துணி ஓரளவு சுத்தமாக வருகிறவரைக்கும் மாற்றி மாற்றிச் செய்துவிட்டு, ஒரு நாள் காயவிட்டுப் பாருங்கள். பல கட்டைகளுக்கு இதோடு வேலை முடிந்துவிடும், மேலே கொஞ்சம் எண்ணெய் தடவினால் போதும். முடிவு எடுப்பதை அந்த நாளுக்குத் தள்ளிவைப்பது நல்லது.

சுத்தம் செய்தும் போதவில்லை, பூச்சு உரிந்து திட்டுத்திட்டாக இருக்கிறது என்றால் அது என்ன பூச்சு என்று முதலில் கண்டுபிடியுங்கள். கட்டையின் பின்முனையை மூடுகிற பட் பிளேட்டுக்குப் பக்கத்தில் தெரியாத இடத்தில் ஒரு சொட்டு மெத்திலேட்டட் ஸ்பிரிட் விடுங்கள், மினரல் ஸ்பிரிட் இல்லை, ஆல்கஹால் வகை. ஒட்ட ஆரம்பித்தால் ஷெல்லாக், அதாவது அரக்கு. சோவியத் மோசின் நாகன்ட் ரைபிள்களின் பர்ச் கட்டைகளில் அந்தச் செம்மஞ்சள் பளபளப்பு பெரும்பாலும் இதுதான். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லாக்கர் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் மசியாமல் கண்ணாடி மாதிரி நின்றால் வார்னிஷோ பாலியூரித்தேனோ. சொட்டு அப்படியே மரத்துக்குள் இறங்கினால் எண்ணெய்ப் பூச்சு. ஷெல்லாக்கை ஸ்பிரிட்டாலேயே கழுவி எடுத்துவிடலாம், எண்ணெய்ப் பூச்சுக்கு மேலே சொன்ன கலவையே போதும். கெட்டிப் பூச்சுகளுக்குத்தான் பெயின்ட் ரிமூவர் தேவை.

ரிமூவர் வாங்கும்போது டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். மெத்திலீன் குளோரைடு கலந்தது வேகமாக வேலை செய்யும், ஆனால் மூடின அறையில் அதன் ஆவியைச் சுவாசித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள், அதனால்தான் அமெரிக்காவில் 2019-இல் அந்த வகை ரிமூவரைப் பொதுமக்களுக்கு விற்பதைத் தடை செய்தார்கள். பென்சைல் ஆல்கஹால் வகை மெதுவாக வேலை செய்யும், ஆனால் வேலை முடியும். தடிமனாகப் பூசி, மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி, நேரம் கொடுங்கள். பூச்சு சுருங்கி எழும்பினதும் பிளாஸ்டிக் சுரண்டியால் தள்ளுங்கள். இரும்புச் சுரண்டி வேண்டாம், ஈரத்தில் மரம் மென்மையாக இருக்கும், கோடு விழும். கைப்பிடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் போட்டுச் செதுக்கின செக்கரிங் இருந்தால் அதை அந்தக் கீறல்களின் வழியே பழைய பல் தூரிகையால் தேய்த்து எடுங்கள். ஒரு விஷயம்: பிளாஸ்டிக் கிரிப் கேப், வெள்ளைக் கோடு ஸ்பேசர் மாதிரி சமாச்சாரங்கள் இருந்தால் ரிமூவர் படுவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் இளகிவிடும்.

அடுப்பு கிளீனர் அடித்தால் ஐந்தே நிமிடத்தில் எல்லாம் வந்துவிடும் என்று சொல்கிறவர்கள் உண்டு, பாத்திரம் கழுவும் மெஷினில் போடுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து இரண்டும் வேண்டாம். அடுப்பு கிளீனரில் இருப்பது காஸ்டிக் சோடா, அது வால்நட் மரத்தை அழுக்குச் சாம்பலாகக் கறுக்கவைக்கும், நாரைப் பலவீனமாக்கும், உள்ளே தங்கிவிட்டால் பிறகு போடுகிற பூச்சையும் கெடுக்கும். பாத்திர மெஷினில் போட்டால் சுடுநீரில் மரம் உப்பி, இரும்பு உட்காருகிற பள்ளங்களின் அளவே மாறிவிடும்.

எண்ணெய் ஊறின இடம்தான் இந்த வேலையிலேயே பொறுமையைக் கேட்கிற இடம். ரைபிளை வருடக்கணக்கில் குழல் மேலாக நிறுத்திவைத்தால், இரும்பில் தடவின எண்ணெயெல்லாம் மெல்ல வழிந்து, போல்ட் ஓடுகிற இரும்புப் பகுதியான ஆக்‌ஷனுக்குப் பின்னால் இருக்கிற மரத்தில் இறங்கும். அங்கே மரம் கறுத்து, நகத்தால் அழுத்தினால் பதிகிற மாதிரி மெத்தென்று ஆகியிருக்கும். மேலே எவ்வளவு துடைத்தாலும் பிரயோஜனம் இல்லை, உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். சாக்குத்தூள், அதாவது கால்சியம் கார்பனேட் தூளை அசிட்டோனில் குழைத்து, தயிர்ப் பதத்தில் அந்த இடத்தில் கெட்டியாக அப்புங்கள். அசிட்டோன் மரத்துக்குள் போய் எண்ணெயைக் கரைக்கும், அப்புறம் ஆவியாகி வெளியே வரும்போது எண்ணெயையும் கூட்டிக்கொண்டு வரும், தூள் அதைப் பிடித்துக்கொள்ளும். வெள்ளையாகப் பூசினது காய்ந்ததும் மஞ்சளாகவோ பழுப்பாகவோ நிற்கும், பார்க்கவே திருப்தியாக இருக்கும். தூரிகையால் தட்டிவிட்டு மறுபடி அப்புங்கள். தூள் வெள்ளையாகவே காய்கிறவரைக்கும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், ரொம்ப ஊறின கட்டைக்கு வாரக்கணக்கில்கூட ஆகலாம். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், ஆகவே திறந்த வெளியில், அடுப்போ சிகரெட்டோ ஹீட் கன்னோ பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள்.

இரும்புத் திருகைச் சுற்றி நீலக் கறுப்பாக ஒரு வளையம் இருந்தால் அது எண்ணெய் இல்லை. வால்நட்டில் இருக்கிற டேனின் என்ற துவர்ப்புப் பொருளும் ஈரமும் இரும்பும் சேர்ந்து உண்டாகிற கறை. ஆக்ஸாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துத் தடவினால் கண்முன்னால் வெளிறும். கறை பட்ட இடத்தில் மட்டும் தடவினால் அங்கே வெளிறின திட்டு தெரியும், அதனால் அந்தப் பக்கம் முழுவதும் தடவுங்கள். அது விஷம், கையுறையும் முகமூடியும் கட்டாயம். காய்ந்தபின் வெள்ளையாகப் படிகிற தூளை ஊதவோ தேய்க்கவோ கூடாது, நிறைய நீரால் துடைத்து எடுத்துவிட்டு, கொஞ்சம் சமையல் சோடா கரைத்த நீரால் ஒருமுறை துடையுங்கள்.

இப்போது பள்ளங்கள். தேய்த்துச் சமன் செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் அடிபட்ட பள்ளத்தில் மரம் காணாமல் போகவில்லை, நார்கள் நசுங்கி அமுங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். நீராவி கொடுத்தால் எழும்பும். பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, இரண்டாக மடித்துப் பள்ளத்தின் மேல் போடுங்கள். இஸ்திரிப் பெட்டியை நல்ல சூட்டில் வைத்து, அதன் கூர்நுனியை மட்டும் துணியின் மேல் வையுங்கள். சுர்ரென்று ஆவி வரும், அது நின்றதும் எடுத்துவிடுங்கள், காய்ந்த துணியின் மேல் வைத்துக்கொண்டே இருந்தால் மரம் தீயும். துணியைத் திரும்ப நனைத்து மறுபடியும். ஒவ்வொரு முறையும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள், பள்ளம் மேலே வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் விரலுக்குத் தெரியும். பிடிவாதமான பள்ளம் என்றால் அதன் நடுவில் மெல்லிய ஊசியால் சில துளைகள் போட்டுவிட்டு ஆவி கொடுத்தால் ஈரம் ஆழமாக இறங்கும். மேலே பழைய பூச்சு இருந்தால் ஆவி உள்ளே போகாது, அதனால்தான் பூச்சை எடுத்தபின் இதைச் செய்கிறோம். முத்திரைக்குப் பக்கத்தில் மட்டும் ஆவி கொடுக்காதீர்கள், முத்திரையும் அமுக்கி அடித்ததுதானே, அதுவும் சேர்ந்து எழும்பி மங்கிவிடும். ஒட்டுப்பலகைக் கட்டை, உதாரணமாக 1930-களின் பிற்பகுதியிலிருந்து வந்த ஜெர்மன் கே98கே கட்டைகளில் பல, அவற்றில் ஆவியைக் குறைவாகவே கொடுங்கள், பசைக்கு நல்லதில்லை.

நார் வெட்டுப்பட்டு மரம் பெயர்ந்துபோன குழி எழும்பாது. அதை நிரப்ப மரத்தூளும் எபாக்சிப் பசையும் கலக்கலாம், இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம். நான் விட்டுவிடுவேன். ஒரு பழைய ரைபிளில் ஓரிரு தழும்பு இருப்பது குறை இல்லை, நிரப்பின திட்டு பூச்சுக்குப் பின் வேறு நிறத்தில் நிற்பது கண்ணை உறுத்தும்.

விரிசலை மட்டும் அப்படி விட முடியாது. ஆக்‌ஷனின் வால்பகுதி மரத்தில் முடிகிற இடத்திலிருந்து கைப்பிடியை நோக்கி ஓடுகிற விரிசல் என்றால், காரணம் பெரும்பாலும் இதுதான்: ஒவ்வொரு முறை சுடும்போதும் இரும்பு பின்னால் உதைக்கிறது, அந்த உதையை முன்னால் அடியில் துருத்திநிற்கிற ரீகாயில் லக் என்ற இரும்புப் பல் தாங்க வேண்டும், ஆனால் காலப்போக்கில் மரம் எண்ணெயில் மெத்தென்றாகி அமுங்கினதால் வால்முனையே மரத்தில் இடித்து ஆப்பு மாதிரி பிளக்கிறது. விரிசலை ஒட்டிவிட்டு, காரணத்தை விட்டுவைத்தால் அதே இடத்தில் திரும்பத் திறக்கும். முதலில் விரிசலுக்குள் இருக்கிற எண்ணெயை அசிட்டோனால் கழுவுங்கள், எண்ணெய் இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. நிதானமாக இறுகுகிற எபாக்சியை எடுத்து, விரிசலை ஒரு சன்னமான ஆப்பால் லேசாகத் திறந்து பிடித்து, மரத்தைக் கொஞ்சம் சூடாக்கினால் எபாக்சி தண்ணீராக இளகி உள்ளே இழுபடும். ஆப்பை எடுத்துவிட்டு ரப்பர் குழாயை இறுக்கமாகச் சுற்றுங்கள், வளைவான இடத்துக்குக் கிளாம்பைவிட அது நன்றாக அழுத்தும். வழிந்ததை உடனே துடையுங்கள். இறுகினபின் வால்முனைக்குப் பின்னால் இருக்கிற மரத்தில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள், இரும்பு அங்கே தொடக் கூடாது. லக் உட்காருகிற இடம் அமுங்கியிருந்தால் எபாக்சி வைத்து அதையும் கெட்டிப்படுத்த வேண்டும், இரும்பில் ரிலீஸ் மெழுகு தடவ மறந்தால் இரும்பும் கட்டையும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். விரிசல் கைப்பிடியின் குறுக்கே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை போயிருந்தால் பசை மட்டும் போதாது, உள்ளே பித்தளைத் தண்டு வைக்க வேண்டும், அதைத் துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். அது சரியாகிறவரைக்கும் அந்த ரைபிளால் சுட வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகுதான் உப்புத்தாள். பூச்சும் அழுக்கும் வேதிப்பொருளால் போய், பள்ளம் ஆவியால் எழும்பிவிட்ட கட்டையில் தேய்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சம் இருக்காது. 220 எண் தாளில் தொடங்கி 320-க்குப் போனால் போதும். 120 எல்லாம் கரடுமுரடாக எபாக்சி நிற்கிற இடத்துக்கு மட்டும். தாளை விரலில் வைத்துத் தேய்க்காதீர்கள், மென்மையான ரேகையை விரல் அதிகமாகச் சாப்பிட்டு அலை அலையாகிவிடும், ஒரு ரப்பர் கட்டையிலோ கெட்டியான ஃபெல்ட்டிலோ சுற்றிக்கொள்ளுங்கள். எப்போதும் மரத்தின் ரேகை ஓடுகிற திசையில்தான். செக்கரிங்கை மாஸ்கிங் டேப் ஒட்டி மறையுங்கள்.

தேய்ப்பதில் நான் ரொம்பக் கறாராக இருக்கிற இடம் இரும்பும் மரமும் சந்திக்கிற விளிம்புகள். தொழிற்சாலையில் மரத்தை இரும்பைவிட ஒரு மயிரளவு உயரமாக விட்டிருப்பார்கள். யாராவது மெஷினில் தேய்த்த கட்டையை உடனே கண்டுபிடித்துவிடலாம்: பட் பிளேட்டின் விளிம்பு மரத்தைவிட வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், ஆக்‌ஷனைச் சுற்றி விளிம்புகள் சோப்பு மாதிரி உருண்டிருக்கும். அது வராமல் இருக்க, பட் பிளேட்டில் இரண்டு மூன்று அடுக்கு டேப் ஒட்டித் திரும்பப் பூட்டிவிட்டு அந்தப் பகுதியைத் தேயுங்கள். ஆக்‌ஷன் உட்காருகிற பள்ளத்தின் விளிம்பிலும், குழல் படுக்கிற வாய்க்காலின் விளிம்பிலும் தாள் சுற்றின ரப்பர் கட்டையைத் தட்டையாக வைத்து ஓரிரு இழுப்பு, அதற்கு மேல் வேண்டாம். பள்ளங்களுக்கு உள்ளே உப்புத்தாளே போகக் கூடாது, அங்கேதான் இரும்பு மரத்தில் ஊன்றி நிற்கிறது, அந்தப் பரப்பு கொஞ்சம் மாறினாலும் குறி மாறும்.

தேய்த்து முடித்ததும் ஈரத்துணியால் கட்டை முழுவதும் ஒருமுறை துடையுங்கள். காய்ந்தபின் தடவினால் மூன்று நாள் தாடி மாதிரி சொரசொரவென்று இருக்கும், அமுங்கிக் கிடந்த நார்முனைகள் ஈரத்தில் எழுந்து நிற்கின்றன. புதுத் தாளால் லேசாக அதைச் சீவுங்கள், தேய்ந்த பழைய தாள் அதைத் திரும்ப அமுக்கத்தான் செய்யும். ஈரம் பட்டும் எதுவும் எழும்பாத வரைக்கும் திரும்பச் செய்யுங்கள். இதைத் தாண்டிப் போனவர்களின் கட்டை முதல் மழையிலேயே சொரசொரப்பாகிவிடும்.

சாயம் வேண்டுமா என்று கேட்டால், வால்நட்டுக்குப் பெரும்பாலும் வேண்டாம். எண்ணெய் பட்டதும் அதன் நிறம் தானாக ஆழமாகும். ஈரத்துணியால் துடைத்தபோது ஒரு நொடி தெரிந்த நிறம் இருக்கிறதே, ஏறக்குறைய அதுதான் கடைசியில் வரும். பீச், பர்ச் மாதிரி வெளிறின மரங்களுக்குச் சாயம் தேவைப்படலாம், அங்கே கெட்டியான ஸ்டெய்னைவிட ஸ்பிரிட்டிலோ நீரிலோ கரைகிற டை நல்லது, பர்ச் திட்டுத்திட்டாக வாங்கும் என்பதால் நன்றாக நீர்க்கவைத்துப் பலமுறை பூசுங்கள்.

இனிப் பூச்சு. பாலியூரித்தேன் நீரைத் தடுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது மரத்தின் மேல் ஒரு ஓடாக உட்காரும், கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியாது, பழைய ரைபிளின் மேல் பார்க்கவும் பொருந்தாது. நான் எண்ணெய்ப் பக்கம்தான். எண்ணெயிலும் மூன்று வழிகள். பாயில்டு லின்சீட் ஆயில், பெயரில் கொதித்தது என்று இருந்தாலும் இன்று கடையில் கிடைப்பது காய்வதை வேகப்படுத்தும் உலோக உப்புகள் சேர்த்த ஆளிவிதை எண்ணெய்தான், பழைய ராணுவக் கட்டைகளுக்கு இதுவே பொருத்தம். சேர்மானம் இல்லாத பச்சை எண்ணெய் காய வாரக்கணக்கில் ஆகும், பொறுமை இருந்தால் செய்யலாம். டங் ஆயில் ஈரத்தை இன்னும் கொஞ்சம் நன்றாகத் தாங்கும், மங்கலான அழகான பூச்சு, ஆனால் டங் ஆயில் ஃபினிஷ் என்று போட்டு விற்கிற பல டப்பாக்களில் இருப்பது தின்னர் கலந்த வார்னிஷ், சுத்தமானதா என்று பார்த்து வாங்குங்கள். மூன்றாவது பர்ச்வுட் கேசியின் ட்ரூ ஆயில் மாதிரியானவை, எண்ணெயோடு பிசின் கலந்தது, வேகமாகக் காய்ந்து பளபளப்பாக ஏறும், வேட்டை ரைபிளுக்கு நன்றாக இருக்கும்.

வால்நட்டில் நுண்துளைகள் திறந்திருக்கும், அவற்றை நிரப்பாமல் பூசினால் சாய்த்துப் பார்க்கும்போது ஊசி குத்தின மாதிரி தெரியும். கடையில் விற்கிற ஃபில்லர் தேவையில்லை, மரத்தையே ஃபில்லராக்கலாம். முதல் பூச்சைத் தாராளமாகத் தடவி ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்துக் காயவிடுங்கள். அடுத்த பூச்சில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஈரமாக இருக்கும்போதே 400 வாட்டர் பேப்பரால் சின்ன வட்டங்களாகத் தேயுங்கள். மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து சாக்லேட் நிறத்தில் சேறாகும். அந்தச் சேற்றைத் துடைத்து எறியாமல் உள்ளங்கையால் ரேகைக்குக் குறுக்காக அழுத்தித் தள்ளுங்கள், துளைகளுக்குள் இறங்கும். மேலே நிற்கிற மிச்சத்தையும் குறுக்காகவே லேசாக வழித்துவிட்டு, நன்றாகக் காயவிடுங்கள். ரேகை வழியே துடைத்தால் நிரப்பினதெல்லாம் வெளியே வந்துவிடும். துளைகள் மூடுகிறவரைக்கும் இது திரும்பத் திரும்ப நடக்க வேண்டும், இரண்டு மூன்று முறைக்குக் குறையாது.

அப்புறம் வருகிற பூச்சுகள் ரொம்ப மெல்லியதாக. இரண்டு மூன்று சொட்டு விரலில் எடுத்து, உள்ளங்கையால் சூடு ஏறத் தேய்த்துப் பரப்புங்கள், கட்டை ஈரமாகத் தெரியக் கூடாது, ஒரு மினுமினுப்பு இருந்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள். கெட்டியாகப் பூசினால் மேல்தோல் மட்டும் காய்ந்து அடியில் பிசின் மாதிரி நிற்கும், நீங்கள் ஆரம்பத்தில் கேட்ட பிசுபிசுப்பு திரும்ப வந்து உட்காரும். இடையில் மென்மையாக்கச் சாம்பல் நிறச் செயற்கை நார்ப் பட்டை நல்லது. இரும்புக் கம்பளி எடுத்தால் அதன் துகள் துளைகளில் தங்கிப் பிறகு துருப்பிடித்துக் கறுப்புப் புள்ளியாகும்.

இப்போது சொல்வதை யாரும் தாண்டிப் படிக்க வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலிருக்கிற ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு இறுகுகிறது, அப்போது சூடு உண்டாகிறது. கட்டையின் மேல் அந்தச் சூடு தெரியாமல் போய்விடும், ஆனால் எண்ணெய்த் துணியைக் கசக்கி ஒரு மூலையில் போட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய்த் தானாகத் தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரி 23-ஆம் தேதி பிலடெல்பியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டிடம் எரிந்தது. மரவேலை செய்தவர்கள் 22-ஆவது மாடியில் விட்டுப்போன லின்சீட் ஆயில் துணிகளில்தான் அந்தத் தீ தொடங்கியது, மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். ஆகவே வேலை முடிந்ததும் ஒவ்வொரு துணியையும் விரித்து, ஒற்றை அடுக்காக வெளியே கொடியில் போட்டு, விறைப்பாகக் காய்ந்தபின் எறியுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பின மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

வெளியே அழகாகப் பூசிவிட்டு உள்ளே வெறும் மரமாக விடுகிறவர்கள் அதிகம். நீர் உள்ளே போவது வெளிப்பக்கத்திலிருந்து மட்டும் இல்லை. பட் பிளேட்டுக்கு அடியில் இருக்கிற வெட்டுமுகம், குழல் வாய்க்கால், திருகுத் துளைகள் இவைதான் பெரிய வாசல்கள், அதிலும் வெட்டுமுகம் மற்றப் பரப்பைவிடப் பல மடங்கு வேகமாக ஈரம் குடிக்கும். முன்கட்டை ஈரத்தில் முறுக்கிக்கொண்டு குழலை ஒரு பக்கம் தள்ளினால், நேற்று சரியாக இருந்த குறி இன்று விலகும். அதனால் இந்த இடங்களிலும் நீர்க்கவைத்த எண்ணெயை இரண்டு மூன்று முறை தடவி, மிச்சத்தை முழுக்கத் துடையுங்கள், படலமாக நின்றால் இரும்பு சரியாக உட்காராது. எண்ணெய்ப் பூச்சு காற்றின் ஈரப்பதத்தை முழுதாகத் தடுக்காது, வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.

கடைசிப் பூச்சுக்குப் பின் அவசரப்பட்டுப் பூட்டாதீர்கள், குறைந்தது இரண்டு வாரம் கட்டையைக் காற்றாடத் தொங்கவிடுங்கள். மூக்கை வைத்துப் பார்த்து எண்ணெய் வாசனை அனேகமாக அடங்கியிருந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். பூட்டும்போது மரத்துக்குள் மறைகிற இரும்பில் துருத் தடுப்பு மெழுகு மெல்லிசாகத் தடவுங்கள். லீ என்ஃபீல்டு என்றால் கழற்றினதற்கு நேர் எதிர் வரிசை, பின்கட்டையின் போல்ட்டை இறுக்கி அதன் சதுரமுனை தகட்டுக்கு நேராக நிற்கிறதா பார்த்தபிறகே முன்கட்டை. திருகுகளை ஒரேயடியாக முறுக்காமல் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, சில நாள் கழித்து மறுபடி ஒருமுறை பாருங்கள், மரம் அமர்ந்ததும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். கட்டையைக் கழற்றிப் பூட்டின ரைபிளில் பழைய குறியை நம்பாதீர்கள், மைதானத்தில் காகிதக் குறி வைத்துச் சுட்டு, ஜீரோவை, அதாவது குறிக்காட்டியின் அமைப்பை, மறுபடி சரிசெய்தபிறகுதான் வேறு எதற்கும். அதற்கப்புறம் வருடத்துக்கு ஒருமுறை, அல்லது மழையில் நனைந்து காய்ந்த பின்பு, சில சொட்டு எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்துத் துடைத்தால் போதும். தோல் உறையிலும் ஃபோம் பெட்டியிலும் மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள், அவை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சேமிக்கும்போது குழல் முனை கீழே இருக்கும்படி வைத்தால் இரும்பிலிருந்து வழிகிற எண்ணெய் மரத்தில் இறங்காது.